குட்டைக்கால் தெரு

கப்பலில் இரண்டு மணி நேரம்தான்.
முப்பத்தொரு வருடமாக ஹெல்சிங்கியில்,
எதிர்க்கரையில், குடியிருந்தும்
தாலினுக்கு நாம் வந்ததில்லை.
கிட்டே இருப்பது எங்கே ஓடிவிடப்போகிறது என்று
ரோமுக்குப் போனோம். லிஸ்பனுக்கு இரண்டு முறை.

துறைமுகத்தில் இறங்கியதுமே
வரைபடத்தை விரித்துவிட்டாய், ஆவ்லிக்கி.
மருந்துக்கடை, சதுக்கம், மதில்,
எல்லாவற்றுக்கும் பென்சிலில் நேரம் போட்டிருந்தாய்.
என் முழங்காலுக்கும் ஒரு வரி:
‘2.10 முதல் 2.30 வரை, பெஞ்சு.’

புது முழங்கால். பிப்ரவரியில் வைத்தது.
நீ அதற்கு வைத்த பெயர் வாடகைக்காரர்.
உருளைக்கல் பாவிய தெரு அவருக்குப் பிடிக்கவில்லை.
ஒவ்வொரு கல்லிடமும் தனித்தனியாக
அனுமதி கேட்டு நடந்தேன்.
நீ நான்கு கெஜம் முன்னால்.
எப்போதும் அப்படித்தான்.
நம் கல்யாணப் படத்திலேயே உன் ஒரு பாதம்
சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பழைய மருந்துக்கடையில்
கண்ணாடிக்குள் காய்ந்து கிடந்தது ஒரு முள்ளெலி.
ஒரு காலத்தில் அதையும் பொடித்துக் கொடுத்தார்களாம்.
“முழங்காலுக்கு எது?” என்று கேட்டாய்.
கடைக்காரி சிரிக்காமல்
ஒரு சாதாரண வலி மாத்திரை அட்டையை நீட்டினாள்.

மேலூருக்கு ஏற இரண்டு வழி.
ஒன்று நெட்டைக்கால், ஒன்று குட்டைக்கால்.
தெருப் பெயரே அதுதான்.
கால் இரண்டும் ஒரே நீளம் இல்லை,
அதனால் எங்கள் ஊர் நொண்டுகிறது என்றாள்
பின்னல் தொப்பி விற்றவள்,
தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வேடிக்கையை
அந்த நிமிடம்தான் கண்டுபிடித்த மாதிரி.
என் காலைப் பார்த்துச் சொல்லவில்லை.
பார்த்துத்தான் சொன்னாள்.
தொப்பி வாங்கினேன்.

குட்டைக்காலில் ஒரு கதவு,
ஆணி அறைந்த ஓக்கு மரம்.
மேலே பிரபுக்கள், கீழே வியாபாரிகள்.
ராத்திரியானால் பூட்டிவிடுவார்களாம்.
“யார் யாரைப் பூட்டினார்கள்?” என்றாய்.
கையேட்டில் தேடினேன். இல்லை.
அந்த ஒரு நவம்பர் முழுக்க
நம் படுக்கையறைக் கதவை
யார் சாத்தி வைத்தது என்று யோசித்தேன்.
கேட்கவில்லை.
நீயும் ஆணிகளைத் தடவியபடி
கொஞ்ச நேரம் நின்றாய்,
வழக்கத்துக்கு மாறாக.

2.10. பெஞ்சு.
ஓலாவ் தேவாலயக் கோபுரத்துக்கு
இருநூற்றுச் சொச்சம் படி.
நீ போனாய்.
நான் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்.
பாதியைக் கடற்காக்கைக்குக் கொடுத்தேன்,
அதாவது அதுவே எடுத்துக்கொண்டது.

கோபுரத்தின் இடுப்பில் சிவப்பாக ஒரு புள்ளி.
உன் மழைச்சட்டை.
கையசைத்தேன். புள்ளி சும்மா இருந்தது.
எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிச் சுழற்றி,
வாடகைக்காரரை மறந்து
ஒரு சின்னக் குதி குதித்தேன்.
அசைத்தது!
இரண்டு கையாலும்.
இப்படி எனக்கு நீ கையாட்டி
எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டதில்
கண் கலங்கிவிட்டது.
காற்றும் அடித்தது.

“யாருக்கு, வெய்யோ, இத்தனை ஆட்டம்?”

முதுகுக்குப் பின்னால் நீ.
எழுபதாவது படியில் தலை சுற்றியதாம்.
இறங்கிவந்து கம்பளிக் கடை வாசலில்
கால் மணி நேரமாக நின்றிருக்கிறாய்,
என்னைப் பார்த்துக்கொண்டு.

மேலே அந்தச் சிவப்பு
இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தது.
நீ நிமிர்ந்து பார்த்தாய்.
என்னைப் பார்த்தாய்.
பிறகு, பாவம் அவள் என்று,
நீயும் கையை உயர்த்தினாய்.

2.30க்கு மதில். மணி மூன்று தாண்டியிருந்தது.
நீ ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் கப்பலில், காபி வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு சிவப்பு மழைச்சட்டை.
ஐம்பது வயது இருக்கும். தனியாள்.
கையில் மார்சிபன் பெட்டி.
சொல்ல வாயெடுத்தேன்.
என்னவென்று சொல்வது?
சர்க்கரையை நகர்த்திக் கொடுத்தேன்.
நன்றி என்றாள், முகம் பார்க்காமல்.

இரண்டு கோப்பையும் தளும்பத் தளும்ப வந்தால்
ஜன்னலோரம் நீ தூங்கிப்போயிருந்தாய்,
என் புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டு,
ஒரு பாதத்தை
நடைவழியில் நீட்டியபடி.